ராத்தாவின் பெட்டியில் ஓடாத கலியாணம்

"கிர்ர், கிர்ர்" என்று சாவி முறுக்குகிற ஒரு சத்தமும், பின்னலில் செருகிய தாழம்பூவின் வாசமும்தான், எனக்குப் பதினொரு வயதாக இருந்த அந்த வெள்ளாமை வெட்டுக் காலத்தை நினைத்தால் முதலில் வருகின்றன. வாசம் கலியாண வீட்டுக்கு உரியது, அதில் புதுமை ஒன்றும் இல்லை. சத்தம்தான் புதுமை. உம்மாவின் ஒரே தம்பியான எங்கள் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். என் அக்காவின், எங்கள் வாயில் "ராத்தா"வின், கலியாணத்துக்கென்று கல்முனைக்கு வந்து இறங்கியபோது அவர் கையில் உரித்த தேங்காய் அளவில் ஒரு கறுப்புக் கருவி இருந்தது. அதன் பக்கத்திலிருந்த சாவியை முறுக்கிவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் எங்கள் பக்கம் திரும்பினால், அது ஓடி முடிகிற வரைக்கும் மூச்சு விடாமல் நின்றோம், சுடப்போகிறார் என்று பயந்த மாதிரி. நடக்கிறதை நடக்கிற மாதிரியே பிடித்து வைக்கிற கருவி அது என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

மாப்பிள்ளை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். ரபான் மேளம் அடித்துக்கொண்டு, கம்பு விளையாடிக்கொண்டு, நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர்கள் எல்லாம் பின்னால் வர, வெள்ளைச் சால்வையோடு அவர் எங்கள் வாசலில் நின்றார். பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி விட வேண்டும். அந்தத் தம்பி எனக்கு மூத்தவர், ஆகையால் எனக்கு அவர் "காக்கா". செம்பைத் தூக்கிய அவசரத்தில் அவர், மாப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றும் முன்னமே தண்ணீரை ஊற்றிவிட்டார். புதுச் சப்பாத்து, உள்ளே காலில் போட்டிருந்த புது மேசு, இரண்டும் நனைந்தன. ஆம்பிளைகள் பக்கம் அப்படி.

பெண்கள் பக்கம் வேறு உலகம். உள்வீட்டுக்கும் முன்மண்டபத்துக்கும் நடுவே ஒரு திரை கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் ராத்தா தலையைக் குனிந்தபடி பாயில் இருந்தாள். கலியாணப் பெண் நிமிரக் கூடாது. வந்தவர்கள் யார், தந்தது என்ன, மாப்பிள்ளை எந்தப் பக்கம் இருந்தார், ஒன்றையும் அவள் காணவில்லை. தன் மருதாணிக் கையையும் பாயின் ஓரத்தையும்தான் கண்டாள். திரைக்கு இங்காலும் அங்காலும் போய்வர விட்டிருந்தது இரண்டே பேரைத்தான்: சின்னப்பிள்ளை என்பதால் வெற்றிலைத் தட்டமான "வட்டா" தூக்கித் திரிந்த என்னை, உம்மாவின் தம்பி என்பதால் மாமாவை. அவர் கருவியோடு உள்வீட்டுக்குள் வந்ததும் அயல் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "போடா அங்கால, கப்பல்காரா" என்று ஏசினார்கள். உம்மா மட்டும் மூடவில்லை. குரவை இட்டுக்கொண்டிருந்தவளின் தலைச்சீலை தோளில் விழுந்து கிடந்தது, அதைக்கூடக் கவனியாமல் தன் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

வாப்பா இதை மறுநாள்தான் அறிந்தார். "பொம்பளைகள்ற முகத்த டப்பாவில அடைச்சிக்கிட்டுப் போகப் பாக்கிறான்" என்று வளவு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். மாமா டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டார். அந்தப் படம் எங்கள் ஊரில் ஒரு நாளும் ஓடவில்லை. அந்த வெட்டுக் காலம் முடிவதற்குள் நானும் "பெரியபிள்ளை" ஆனேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. திரைக்கு அங்கால் போகிற உரிமையும் போனது. அதற்குப் பிறகு என்னை அறிந்தவர்கள் எல்லோரும் பிறவியிலேயே வெட்கக்காரி என்றார்கள். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

கடல் எழுந்து வந்த அந்தக் காலையில் எங்கள் வீட்டில் தண்ணீர் இடுப்புக்கு நின்றது. உயிர்கள் தப்பின, படங்கள் ஒட்டியிருந்த அல்பங்கள் தப்பவில்லை. உம்மாவின் முகம் இருந்த ஒரு படமும் அதன் பிறகு எங்களிடம் இல்லை. ஆகவே, மாமா மவுத்தாகி அடக்கம் செய்து இவ்வளவு காலத்துக்குப் பின், அவருடைய மகள், எனக்கு மச்சி முறையானவள், கொழும்பில் பழைய பெட்டியைக் கிளறும்போது அந்த டப்பா அகப்பட்டது என்று போன் எடுத்தபோது, நான் நம்பாமல் போனை என் மகள் றினோஸாவிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். மச்சி அதிலிருந்த படச்சுருளைக் கடையில் கொடுத்து வீடியோவாக மாற்றி, ஒரு பென்டிரைவில் போட்டு, ஊருக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் கையில் அனுப்பினாள்.

றினோஸா தன் லெப்டொப்பில் போட்டாள், அதில் ஓடியது. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆனால் பார்க்க வேண்டியவள் ராத்தா. அவள் எங்கள் வளவிலேயே பக்கத்து வீட்டில் கட்டிலோடு கிடக்கிறாள். ஒரு கண் முழுக்கப் போய்விட்டது, மற்றக் கண்ணுக்குப் பெரிதாகவும் கிட்டவாகவும் இருப்பது மட்டும் தெரியும். லெப்டொப்பை அவள் மடியில் வைத்தோம். "எறும்பு ஊருற மாதிரி இரிக்கி புள்ள" என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "எல்லாரும் பாத்த என்ட கலியாணத்த நான் மட்டும் பாக்கல்ல" என்றாள். அவள் அப்படி எதையும் கேட்கிறவள் இல்லை.

அவளுடைய கட்டிலின் கால்மாட்டில் பழைய பெரிய ரீவி ஒன்று இருக்கிறது. கட்டாரில் இருக்கிற மகன் கொண்டுவந்த ஒரு மீடியா பிளேயர் அதோடு மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களால் பூட்டியிருக்கிறது. பென்டிரைவைச் செருகினால் பேரப்பிள்ளைகளின் கலியாணம், ஹஜ்ஜுக் காட்சிகள், நாடகம் எல்லாம் அதில் ஓடும். கால்மாட்டுக்கு நகர்த்தி இருத்தினால், ராத்தா ரீவிக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பாள். மாமாவின் படத்தைச் செருகினோம். நீலத் திரையில் இங்கிலீசில் ஒரு வரி வந்து நின்றது.

"இந்த மாதிரிப் படம் இந்தப் பெட்டிக்குத் தெரியாதாம் உம்மா" என்றாள் றினோஸா.

"அதுக்கும் என்னப் போலக் கண் போயிட்டு" என்றாள் ராத்தா.

பிரதான வீதியில் இருக்கிற "கொமினிகேசன்" கடையில் கொடுத்தால் சற்று நேரத்தில் மாற்றித் தருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கொடுக்க முடியாது. கொழும்புக் கடைக்கு எங்களை யாரென்று தெரியாது, இங்கே எல்லோருக்கும் தெரியும். உம்மா தலைச்சீலை இல்லாமல் சிரிக்கிற படம் அந்தக் கடைக் கொம்பியூட்டரில் ஒருமுறை ஏறினால், மருதமுனை தொட்டுச் சாய்ந்தமருது மட்டும் எந்தெந்தப் போனுக்குப் போகும் என்று யார் கண்டது. இது எங்கள் வீட்டுக்குள்ளேயே மாற வேண்டிய படம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காக்கா வழக்கம்போல வந்தார். அவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்தவர், ஊரில் மதிப்பானவர். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "ஓடல்லயா? அல்ஹம்துலில்லாஹ். வாப்பா மூடி வெச்சதை அல்லாஹ்வும் மூடி வெச்சிரிக்கான். நீ என்னத்துக்குப் புள்ள கிண்டுற?"

"மூடி வெச்சது வாப்பா இல்ல தம்பி, மாமாட டப்பா" என்றாள் ராத்தா கட்டிலிலிருந்து.

காக்கா விடவில்லை. "அப்ப ஒண்டு செய்யுங்க. மாப்பிள்ள வாறது, ரபான் அடிக்கிறது, கால் கழுவுறது, அதுகள வையுங்க. திரைச்சீல வாற இடத்திலருந்து வெட்டிருங்க. அந்தக் கொம்பியூட்டரால வெட்டவும் ஏலுமாம்."

"நீ சப்பாத்துக்குத் தண்ணி ஊத்தினது இரிக்கட்டும். பெத்த உம்மா போகட்டும். அப்பிடியா?"

"உம்மாட தலைச்சீலை விழுந்து கிடக்கு ராத்தா. நாளைக்கு மறுமையில நான்தான் பதில் செல்லணும்."

"எழுபது வருசமா இன்னம் அந்தச் செம்பக் கீழ வெக்கல்ல இவன்" என்று ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். நான் சம்மதித்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். என் வாழ்க்கையில் பலபேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த றினோஸாவை, அவள் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், லெப்டொப்பின் முன் இருத்தினேன். அவளுக்கும் இந்த வேலை தெரியாது. முதலில் அவள் படத்தின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எழுதியிருந்த மூன்று எழுத்தை அழித்து, வேறு மூன்று எழுத்தைப் போட்டாள். பெட்டி ஏமாறவில்லை, அதே நீலம், அதே வரி. பிறகு இலவசமாகக் கிடைக்கிற ஒரு மாற்றும் புரோகிராமை இறக்கினாள். கண்டதையெல்லாம் தட்டிப் பார்த்து, போனில் தேடித் தேடி, கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டோம். வீடியோவுக்கு வெளியே ஒரு உறை உண்டு. உள்ளே படம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வந்திருக்கிற மடிப்பு, பெரிய படத்தையும் சின்ன இடத்துக்குள் அடக்கிவிடும், ஆனால் அதை விரிக்கப் பழகின பெட்டியால்தான் விரிக்க முடியும். ராத்தாவின் பெட்டி பழைய மடிப்புக்குப் பழகினது. உறையில் பெயரை மாற்றி எழுதினால் மடிப்பு மாறாது. படத்தை முழுக்க விரித்து, பழைய மாதிரி திரும்பவும் மடிக்க வேண்டும்.

புரோகிராம் தானாகக் காட்டிய வழியில் ஒருமுறை மாற்றினோம். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுத் தொடங்கியது, முடியப்போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லெப்டொப்பின் பெட்டரியும் செத்தது. திரும்பவும் முதலிலிருந்து. கடைசியில் பெட்டியில் போட்டபோது திரை கறுப்பாகவே இருக்க, இசை மட்டும் வந்தது. மாமாவின் கருவிக்குச் சத்தம் பிடிக்கத் தெரியாது, கொழும்புக் கடைக்காரர்கள்தான் வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஒரு பியானோ இசையைச் சேர்த்திருக்கிறார்கள்.

"இது ஆர்ர ஊட்டுக் கலியாணம்?" என்றாள் ராத்தா. "நம்மட ஊட்டில பியானோ அடிச்சது ஆரு?"

றினோஸாவுக்கு அலுத்துவிட்டது. "விடுங்க உம்மா, கண்ணு நோகுது. பெட்டியில எந்த அளவு சரியெண்டு ஒரு இடத்திலயும் எழுதியில்ல." அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வெகு காலம் அயலில் உள்ளவர்களுக்குச் சட்டை தைத்தவள். யாருடைய உடம்பையும் நாடாப் பிடித்து அளந்ததில்லை. போட்டுச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றைத் தருவார்கள், அந்த "அளவுச் சட்டை"யை வைத்துப் புதியதை வெட்டுவேன். பெட்டியில் ஏற்கெனவே ஒழுங்காக ஓடுகிற படங்கள் இருந்தனவே. "அந்த நாடகத்த எடு. அது எப்பிடி மடிச்சிரிக்கி, எவ்வளவு உயரம் அகலம், எல்லாத்தையும் பாரு. அந்த அளவுக்கே இதையும் தை" என்றேன். றினோஸா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாடகத்தைத் திறந்து, அதன் விவரங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். மடிப்பு அது, உறை அது, உயரம் அகலம் அது. எல்லாவற்றையும் அப்படியே போட்டோம்.

படம் வந்தது. வந்தவர்கள்தான் நாங்கள் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்த எங்கள் வாப்பா அரிசி ஆலை முதலாளி மாதிரி உருண்டு திரண்டு நின்றார். மாப்பிள்ளை கதவுக்குள் நுழைவாரா என்று சந்தேகமாக இருந்தது. நாடகம் அகலத் திரைக்கு எடுத்தது, மாமாவின் கருவி அப்படி எடுக்கவில்லை, ஒருவர் சட்டையை மற்றவருக்கு மாட்டிவிட்டோம். பிழை அவ்வளவுதான். மடிப்பையும் உறையையும் அப்படியே விட்டு, உயரத்தை மட்டும் சொல்லி, அகலத்தை அந்தப் படத்தின் பாட்டுக்கே விட்டோம். சத்தம் வேண்டுமா என்று கேட்கிற இடத்தில், வேண்டாம் என்று போடச் சொன்னேன். எங்கள் வளவில் கேட்காத இசை எங்கள் கலியாணத்தில் எதற்கு.

கடைசியாகப் பொத்தானை அழுத்தும் முன் றினோஸாவின் கை நின்றது. படத்தின் கீழே ஒரு கோடும், அதன் இரண்டு நுனியிலும் இழுத்து நகர்த்தக்கூடிய இரண்டு பிடிகளும் இருந்தன. எங்கே நிறுத்துகிறோமோ, அதற்கு அப்பால் உள்ளது எல்லாம் போய்விடும். காக்கா சொன்னது பொய் இல்லை, வெட்ட ஏலும், அதுவும் மிக எளிது. அவள் பிடியை மெதுவாக இழுத்தாள். திரைச்சீலை அசைகிற இடத்தில் படம் நின்றது. அதில், ஓரத்தில், வட்டாவைத் தூக்கிக்கொண்டு தலைமுடி பறக்க ஒரு பிள்ளை ஓடுகிறது. மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும், ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி நேராகப் பார்க்கிறது.

"வெட்டவா உம்மா? மாமா ஏசுவாங்க." அவளுக்குக் காக்காதான் மாமா.

அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு துளி வெட்கமும் இல்லை. நான் வெகு நேரம் பார்த்தேன். என்னைப் பற்றி ஊர் சொன்னது ஒன்று, இந்தப் படம் சொல்வது இன்னொன்று. வெட்கம் என்னோடு பிறக்கவில்லை. அந்த வெட்டுக் காலத்துக்குப் பிறகுதான் எனக்கு அதைப் போர்த்தி விட்டிருக்கிறார்கள்.

"கையை எடு" என்றேன். "ஒரு இழையும் வெட்டாத."

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு ராத்தாவின் கட்டிலைச் சுற்றி அவளுடைய மகள்மாரும் பேத்திகளும் இருந்தார்கள். வெளிக் கதவைச் சாத்தினோம். பெட்டி படத்தை ஏற்றுக்கொண்டது. ரபான்காரர்கள் சத்தமில்லாமல் அடித்தார்கள். செம்பு சரிந்தது, சப்பாத்து நனைந்தது, எல்லோரும் சிரித்த நேரம் பின்னால் கதவு திறந்தது. காக்கா, கைத்தடியோடு. வீட்டுக்காரர் வருகிற மாதிரித் தட்டாமல் வருவது அவர் பழக்கம். யாரும் படத்தை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

திரைச்சீலை அசைந்தது. உம்மா வந்தாள். நாக்கை அசைத்துக் குரவை இடுகிறாள், தலைச்சீலை விழுகிறது, தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறாள். படத்தில் சத்தம் இல்லை. அப்போது ராத்தா, மூச்சுக்குத் திண்டாடுகிற ராத்தா, கிழிந்த குரலில் அந்தக் குரவையை எடுத்தாள். உம்மாவின் வாய் மூடியதும் அவளும் நிறுத்தினாள்.

பிறகு கண்ணாடியில் விரலை வைத்தாள். "தலையக் குனிஞ்சிட்டு இரிக்கிற இவ ஆரு?"

"நீதான் ராத்தா."

"மடச்சி. கொஞ்சம் நிமிந்திரிந்தா என்ன."

படம் திரைக்கு அங்கால் திரும்பியது. மாப்பிள்ளை எல்லோருக்கும் நடுவே அடக்கமாக இருக்கிறார். பெரியவர்கள் அங்கால் பார்த்த ஒரு கணத்தில், கழுத்தை நீட்டி, திரையின் ஓரத்து இடைவெளியால் உள்ளே எட்டிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிக்கிறார். அந்த மாப்பிள்ளை, எங்கள் மச்சான், மவுத்தாகும் வரைக்கும், "அண்டைக்கு நான் ஒன்னப் பாக்கவே இல்ல, ஏமாந்துதான் கட்டினன்" என்று ராத்தாவைச் சீண்டிக்கொண்டே இருந்தவர். ராத்தா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல், "கள்ளன்" என்றாள். "பாத்திரிக்கான்." அதைச் சொன்ன குரல் எண்பது கடந்தவளின் குரல் இல்லை. காக்கா சொன்ன இடத்தில் வெட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

படம் முடிந்ததும் காக்கா கைத்தடியை ஊன்றினார். "சரி. பாத்தாச்சி. இனி அதை அழிச்சிருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பென்டிரைவைக் கழற்றிக் கைக்குள் எடுத்துக்கொண்டேன். "உம்மா சிரிச்சது அவட தம்பியப் பாத்து. அது எந்தக் கிதாபில குத்தம் காக்கா? பாத்தது அவட மக்களும் பேத்திகளும். அழிக்க மாட்டன்."

"நான் செல்லுறன், அழிங்க."

"செல்லுவீங்க. இது உம்மா பொம்பளப் புள்ளைகளுக்குத் தந்த வளவு. நீங்க மதினிட ஊட்டில இருந்து வந்திரிக்கிறீங்க. இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. ஆண் மணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போவான், அதன் பிறகு பிறந்த வளவுக்கு அவன் விருந்தாளி. குடி என்கிற வம்சமும் உம்மாவின் வழியில்தான் வருகிறது. காக்கா எந்தக் குடி என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்வார். அந்த உம்மாவின் முகத்தைத்தான் வெட்டச் சொன்னார். இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்தார். சீனி குறைவு என்று மட்டும் சொன்னார்.

அந்தத் திரைச்சீலை இன்று இல்லை, குளக்கரைத் தாழையும் இல்லை. மாமா இல்லை, மச்சான் இல்லை, அவர்கள் நின்ற மண்டபத்தை இடித்து மாபிள் போட்டாயிற்று. ராத்தாவின் பெட்டியும் ஒரு நாள் போகும், அப்போது இந்த மடிப்பும் யாருக்கும் விரிக்கத் தெரியாத மடிப்பாகிவிடும். அதற்காக எங்கள் குடியில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பென்டிரைவ் கொடுத்திருக்கிறேன், கொழும்பிலிருந்து வந்தபடியே ஒன்றும், நாங்கள் மடித்தது ஒன்றுமாக. எந்த மடிப்பு வந்தாலும் மாற்றிக்கொள்ளுங்கள், வெட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்த கிழவிக்கு இது என்னத்துக்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

இப்போதெல்லாம் அஸர் பாங்கு சொல்லி முடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து ராத்தா கூப்பிடுகிறாள்.

"புள்ள, மாப்பிள்ள வந்துட்டாரா?"

"ஓம், வாசலுக்கு வந்துட்டார்" என்று பென்டிரைவை எடுத்துக்கொண்டு போகிறேன். "இண்டைக்காவது நிமிந்து பாரு."